இரவல் காது

இந்த ஞாயிற்றுக்கிழமை தலைவராகியே தீர்வது என்று, பல் துலக்கும்போதே நம்மவர் முடிவு கட்டிவிட்டார்.

நாட்டுக்கு அல்ல, பயப்படாதீர்கள். இணையத்தில் ‘பன்னிரண்டு காது’ என்று ஒரு குழு. ஆறு பேர், ஆளுக்கு இரண்டு காது. வாரம் ஒரு பாப் பாட்டு. ஆளுக்கு நாலு வரி விமர்சனமும் பத்துக்கு ஒரு மார்க்கும் எழுதித் தலைவருக்குத் தனியாக அனுப்ப வேண்டும். அடுத்தவர் மார்க்கைப் பார்த்துத் தன் மார்க்கை மாற்றிய ஒரு வாத்தியாரால் வந்த ஏற்பாடு இது. ஞாயிறு மாலை ஆறு மணிக்குத் தலைவர் எல்லாவற்றையும் ஒன்றாகத் திறந்து போடுவார். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. தலைவர் ஒரு பல் டாக்டர், இன்னொருவர் லாரி ஓட்டுகிறவர் என்ற அளவில்தான் பழக்கம். மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கும் நம்மவருக்கு அங்கே ‘தங்கக்காது’ என்று பெயர்.

வாசல் மணி மூன்று முறை அடித்தாலும் விழாத காது!

தங்கம் எங்கிருந்து வந்தது? துணி மடிக்கும் மனைவியின் வாயிலிருந்து. நம்மவர் பாட்டைப் போட்டுவிட்டுச் சும்மா நிற்பார். அம்மணி தலை நிமிராமல், “இவன் பாடறானா, இல்ல கடைவாய்ப்பல் குடையுதா?” என்பாள். நம்மவர் குளியலறைக்கு ஓடி, தாழ்ப்பாள் போட்டு, எழுத்துப் பிசகாமல் தட்டி அனுப்பிவிடுவார். இரண்டு வருஷமாக இதே பிழைப்பு. அவளுக்குத் தெரியாது என்று நினைப்பு வேறு.

இப்போது டாக்டர் ஓய்வு பெறுகிறார். இந்த வாரம் யாருடைய விமர்சனத்துக்கு அதிகக் கை தூக்குகிறார்களோ, அவர்தான் அடுத்த தலைவர். பாட்டு பழசு. இருபத்திரண்டு வருஷத்துக்கு முந்திய மழைப்பாட்டு. நம்மவர் வீட்டுக் கேசட்டில் தேய்ந்த பாட்டு!

திங்களன்று போட்டார். அம்மணி போர்வையை உதறினாள். பேச்சில்லை. புதனன்று போட்டார். தலையணை உறை மாட்டினாள். போன வாரம் சொத்தைப் பல் அடைத்துக்கொண்டு வந்ததிலிருந்தே அவள் வாய் அதிகம் திறக்கவில்லை. வலி போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார், பாவம். தானே எழுதிப் பார்த்தார். ‘நல்ல பாட்டு. இனிமையான இசை.’ அவருக்கே கொட்டாவி வந்தது.

சனிக்கிழமை வெட்கத்தை விட்டார்.

“ஏம்மா, இந்தப் பாட்டு எப்படி?”

“எதுக்குக் கேக்கறீங்க?”

“சும்மாதான்.”

“சும்மா கேக்கற மூஞ்சியா இது? வேர்க்குது.”

“சொல்லேன்!”

அவள் மடித்த சட்டையை மடியில் வைத்துக்கொண்டாள். “மொத மொதல்ல குடிவந்த மாடி ரூம். கட்டில் கூட வரல. டேப் ரெக்கார்டர் மட்டும் வந்துது. ரெண்டாவது சரணத்துல நாடா சிக்கிச்சு. பென்சில் விட்டுச் சுத்தி எடுத்தோம். அன்னையிலேருந்து அந்த ஒரு எடத்துல மட்டும் பாடறவ குரல் இழுத்துக்கிட்டு, தூக்கத்துல பாடற மாதிரி வரும். இன்னிக்குச் சுத்தமா கேக்குது. சுத்தமா கேட்டா நம்ம பாட்டு மாதிரியே இல்ல. அந்தக் கேசட்டுக்குப் பத்து. இதுக்கு ஆறு.”

அந்த ஒற்றை ஜன்னல், வெறும் தரை, பென்சிலைச் சுழற்றிய தன் விரல்கள், எல்லாம் நம்மவர் கண்ணில் வந்து நின்றன. ஆனாலும் கால் குளியலறைக்குத்தான் போயிற்று.

ஞாயிறு ஆறு மணி. டாக்டர் திறந்தார்.

‘ஒரு சங்கடம். ஒரே விமர்சனம் இரண்டு பேரிடமிருந்து வந்திருக்கிறது. சொல்லுக்குச் சொல். தங்கக்காது அனுப்பியது சனிக்கிழமை. விருந்தாளியாக எழுதிய என் நோயாளி, ஓர் அம்மாள், அனுப்பியது வெள்ளிக்கிழமை.’

‘ரெண்டு வீட்டு நாடா ஒரே எடத்துல சிக்குமா, தங்கம்?’ என்று லாரிக்காரர் கேட்டார்.

நம்மவர் போனை எடுத்துக்கொண்டு கூடத்துக்கு ஓடினார். அம்மணி துவாலை மடித்துக்கொண்டிருந்தாள்.

“நீயா?”

“பல்லு அடைக்கப் போனேனா, வாய் நெறையப் பஞ்சு. டாக்டர் எங்க குழுவுல ஒரு மேதை இருக்கார்னு சொல்லி, கடைவாய்ப்பல் விமர்சனத்தைப் படிச்சுப் படிச்சுச் சிரிக்கறார். அது என் வாயில வந்ததுன்னு சொல்லக்கூட எனக்கு வாய் இல்ல! பஞ்சை எடுத்ததும், அடுத்த பாட்டுக்கு நானும் எழுதறேன்னுட்டேன்.”

“பென்சில் சுத்தினது நான்தானே? பாதி என்னோடதுதான்!”

“அந்தப் பாதியையாவது நீங்களே எழுதியிருக்கலாமே.”

போன் கிணுகிணுத்தது. ஐந்து பேரும் விருந்தாளிக்குக் கை தூக்கியிருந்தார்கள். லாரிக்காரர் மேற்கொண்டு எழுதியிருந்தார்: ‘குழுப் பேரை மாத்த வேணாம். அந்த ரெண்டு காதும் மொதல்லேருந்தே இந்தம்மாவோடதுதான்.’

புதுத் தலைவி பெரிய மனசு பண்ணி நம்மவரைக் குழுவில் வைத்துக்கொண்டாள். ஒரே நிபந்தனை: சொந்தமாக எழுத வேண்டும். அவர் ஐந்து நாள் மாய்ந்து மாய்ந்து எழுதி, குளியலறையிலிருந்தே அனுப்பினார். கூடத்திலிருந்து பதில் வந்தது.

‘பத்துக்கு மூன்று. பாட்டுக்கு அல்ல.’