இருபதுக்கு இருபது

நோயைப் பற்றி ஒன்றும் தெரியாதவர்களால் பெரிய ஆபத்தில்லை. எல்லாம் தெரிந்து, கேட்ட மாத்திரத்தில் சரியான விடையை ஒப்பித்து, வீட்டுக்குப் போனதும் நேர்மாறாக நடக்கிற இனம் ஒன்று இருக்கிறது. பார்த்திருக்கிறீர்களா? பார்க்காமல் எங்கே போவீர்கள். வினாத்தாளை நீட்டினால் போதும், பேனாவை உதறிக்கொண்டு உட்காரும், பக்கத்து ஆள் எட்டிப் பார்க்காதபடி இடது கையால் மறைத்துக்கொள்ளும், முடித்ததும் "அவ்வளவுதானா?" என்று கேட்கும்.

ஜாவாவில் ஒரு சிற்றூரின் சுகாதார நிலையத்தில் தலைமை நர்ஸாக இருக்கும் வுர்யானி இந்த இனத்தின் ராணி. சென்ற மாதம் மாவட்ட அலுவலகத்தார் வந்து, மாரடைப்பைப் பற்றி ஊர்க்காரர்களுக்கும் நர்ஸுகளுக்கும் என்ன தெரியும் என்று அளந்து பார்க்க இருபது கேள்விகள் கொடுத்தார்கள். 'நெஞ்சுவலி என்பது உடம்புக்குள் காற்று புகுந்து உட்கார்ந்துகொள்வது: சரியா, தவறா?' என்பது ஏழாவது. வுர்யானி 'தவறு' என்று குறித்ததோடு நிற்காமல், ஓரத்தில் 'மூடநம்பிக்கை' என்றெழுதி அடிக்கோடும் போட்டார். இருபதுக்கு இருபது. எதிர்வீட்டு ரிக்‌ஷாக்காரர் பர்ஜியோ பதினாறு கேள்விகளுக்குத் 'தெரியாது' என்று குறித்து நான்கே நான்கு வாங்கினார். இப்படியும் மனிதர்கள் இருக்கிறார்களே என்று வுர்யானி ஒரு வாரம் வருத்தப்பட்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை, புறாக் கூண்டைக் கழுவிக்கொண்டிருந்த அவர் கணவர் தர்மோனோ நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படியில் சரிந்தார். உடம்பெல்லாம் வியர்வை. இடது கை மரத்துவிட்டது. மாரடைப்பின் அறிகுறிகளைக் கேட்ட எட்டாவது, ஒன்பதாவது கேள்விகளே நேரில் வந்து படியில் உட்கார்ந்த மாதிரி. வுர்யானி என்ன செய்தார்? கணவரின் சட்டையைக் கழற்றி, குப்புறப் படுக்கவைத்து, முதுகில் தைலம் தடவி, செப்புக் காசை எடுத்து முதுகெலும்பின் இருபுறமும் வரிவரியாகச் சுரண்ட ஆரம்பித்தார். புகுந்த காற்றை வெளியேற்ற அந்த ஊரில் எல்லா வீட்டிலும் செய்வது அதுதான்.

"ஃபேனைப் போட்டுட்டுத் தூங்காதீங்கன்னு எத்தன தடவ சொன்னேன். பாருங்க, எப்படிச் செவந்து வருது. அத்தனையும் காத்து."

"வலி கொறையலையே."

"வெளிய போறப்ப அப்படித்தான் இருக்கும். நர்ஸு நானா, நீங்களா?"

கால் மணி நேரம் போயிற்று. தர்மோனோவின் உதடு வெளுத்தது. வுர்யானி காசை இன்னும் அழுத்திப் பிடித்தார். அவருக்கு இந்த மனிதரை விட்டால் வேறு யாருமில்லை. பயந்துதான் போனார். ஆனாலும் இன்னும் நாலு வரி இழுத்தால் சரியாகிவிடும் என்றே நம்பினார்.

முனகலைக் கேட்டு எட்டிப் பார்த்த பர்ஜியோ, தர்மோனோவைத் தூக்கி ரிக்‌ஷாவில் உட்காரவைத்தார். தோள்பட்டை இன்னும் பாக்கியிருக்கிறது என்று வுர்யானி தடுத்துப் பார்த்தார்.

"எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க, அம்மா. அதனாலதான் ஆஸ்பத்திரிக்குப் போறேன்."

ஆள் பிழைத்துக்கொண்டார். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் கஷ்டம் என்ற டாக்டர், முதுகைத் திருப்பிப் பார்த்துவிட்டு, இது யார் செய்த வேலை என்று கேட்டார். வுர்யானி சற்றும் தயங்காமல் பர்ஜியோவைக் காட்டினார்.

"படிக்காதவங்க, டாக்டர். எவ்வளவு சொன்னாலும் கேக்க மாட்டாங்க."

பர்ஜியோ கழுத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டு, இருக்கலாம் என்று தலையாட்டினார்.

சிரிக்கிறீர்களா? நல்லது, சிரியுங்கள். போன மாதம் உங்கள் அப்பா நெஞ்சை அடைக்கிறது என்றபோது, வாயுவாக இருக்கும் என்று சோடா உடைத்துக் கொடுத்தீர்களே, அப்போது மட்டும் உங்களுக்குச் சரியான விடை தெரியாதா என்ன?