செல்வி வாசித்த தீ

பிள்ளைக்கு வாசிக்கக் கற்றுக்கொடுப்பது எளிது. வாசித்தது மண்டையில் ஏறும்வரை அதை ஓரிடத்தில் உட்கார வைப்பதுதான் பெரும்பாடு.

அக்கா மகள் செல்வி கடகடவென்று வாசிப்பாள். என்ன வாசித்தாய் என்று கேட்டால் கூரையில் ஓடும் பல்லியைப் பற்றிச் சொல்வாள். இன்று அதற்கு டாக்டர்கள் நீளமான பெயர் வைத்திருக்கிறார்கள். அன்று எங்கள் அக்கரப்பத்தனைத் தேயிலைத் தோட்டத்து லயத்து வீடுகளில் ஒரே பெயர்தான்: வாலு. மூன்றாம் வகுப்பில் ஏற்கெனவே இரண்டு வருடம்.

"இந்தத் தடவையும் பெயிலானா வீட்டுல இருந்து தம்பியப் பாத்துக்கட்டும்" என்றாள் அக்கா.

தோட்டப் பள்ளிக்கூடத்தில் அப்போதுதான் டீச்சராகியிருந்தேன் (உலகத்தையே திருத்தும் வயது). ஒரு வழி கண்டுபிடித்தேன். ஒரு வரி வாசி, அதைச் செய், பிறகு அடுத்த வரி. கதவைத் திறந்தாள் என்றிருந்தால் திறப்பாள். அற்புதமாக வேலை செய்தது. 'பசு புல் தின்றது' என்ற வரியில் மட்டும் கையைப் பிடிக்க வேண்டியிருந்தது.

பரீட்சிக்க வந்தவர் யாழ்ப்பாணத்து அதிகாரி. தன் புத்தகத்திலிருந்து ஒரு பக்கத்தைக் கொடுத்து மனதுக்குள் வாசிக்கச் சொன்னார். செல்வி வாசித்தாள். எழுந்து ஓடினாள்.

"பிள்ளை எங்க போறா?"

"வாசிக்கிறா சார்" என்றேன் பெருமையாக.

அப்புறம்தான் பக்கத்தைப் பார்த்தேன். 'வீட்டில் தீப்பிடித்தது. கமலா ஓடிப்போய் மணி அடித்தாள்.'

பெரட்டுக் களத்தில், காலையில் வேலைக்கு ஆட்களைக் கூப்பிட அடிக்கும் தண்டவாளத் துண்டு கணீர் கணீரென்றது. நேரங்கெட்ட நேரத்தில் அது ஒலித்தால் ஆபத்து என்று அர்த்தம். மலையில் கொழுந்து பறித்தவர்கள் எல்லாரும் கூடையோடு இறங்கி ஓடி வந்தார்கள். துரை மோட்டார் சைக்கிளில் வந்தார். அக்கா, பிள்ளைக்கு என்னவோ ஏதோவென்று அழுதுகொண்டே வந்தாள்.

மலையில் வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையா மூச்சு வாங்கினார். "டீச்சரம்மா, தீ எங்க?"

"புத்தகத்துலங்க ஐயா."

செல்வி திரும்பி வந்து, மிச்ச வரியையும் நின்றபடியே வாசித்தாள். அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார்.

"வாசிச்சது என்னெண்டு சொல்லு பாப்பம்."

அவள் வெளியே நின்ற கூட்டத்தை ஒருமுறை பார்த்தாள்.

"தீப்பிடிச்சதும் கமலா மணி அடிச்சா. ஊர் சனமெல்லாம் குடத்தோட ஓடி வந்துச்சு சார். நம்ம ஆளுங்கதான் குடம் கொண்டு வரல."

பாஸ் போட்டார்.

மறுநாளே தண்டவாளத் துண்டை ஒரு ஆள் உயரம் மேலே ஏற்றிக் கட்டினார்கள். பெரட்டுக்கு அடிப்பவர் ஸ்டூல் தூக்கிக்கொண்டு வருவார். செல்விக்கு இப்போது இரண்டு பிள்ளைகள். இருந்தாலும் அவள் கையில் ஒரு பத்திரிகையைக் கொடுக்கும் முன், எங்கள் வீட்டில் யாராவது ஒருவர் அதை வாசித்துப் பார்த்துவிட்டுத்தான் கொடுக்கிறார்கள்.