நடக்கும் காலும் நாவற்பழச் சேலையும்

வீடியோ பார்த்துத் தொழில் கற்றவர்களிடம் கொஞ்சம் எச்சரிக்கையாக இருங்கள். அவர்களுக்குச் சந்தேகம் என்பதே வராது. எனக்கும் வரவில்லை.

அம்மா இறந்ததும் அவளுடைய சேலை அலமாரியை அப்பா பூட்டிவிட்டார். எல்லாம் அவள் பள்ளிக்கூடத்துக்குக் கட்டிக் கட்டி மெலிந்துபோன கைத்தறிச் சேலைகள். அதன்பிறகு அப்பா சாப்பிட்டார், தூங்கினார், கேட்டதற்குப் பதில் சொன்னார், அவ்வளவுதான். சிரித்து யாரும் பார்க்கவில்லை. அவருடைய மூக்குக்கண்ணாடி எப்போதும் மங்கலாகவே இருந்தது. கல்யாணமான நாளிலிருந்து அதை அம்மாவின் முந்தானையில்தான் துடைத்திருக்கிறார். ("ஒமக்கு ஒரு கைக்குட்டை வாங்க வக்கில்லையா?" என்று திட்டுவாள். திட்டிக்கொண்டே முந்தானையை நீட்டுவாள்.)

அந்தச் சேலைகளைத் துண்டு போட்டு அவருக்கு ஒரு போர்வை தைத்துக் கொடுக்க நினைத்தேன். பூட்டிவைத்த அலமாரியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைவிட, அவள் சேலையைப் போர்த்திக்கொண்டு தூங்கலாமே. சாவியைக் கேட்டபோது அப்பா அதை மடியிலிருந்து எடுத்து என் கையில் வைத்தார்.

"வெட்டிக்க. ஆனா அந்த நாவப்பழக் கலர் சேலை மேல மட்டும் கத்திரி படக்கூடாது, பாத்துக்க."

அது அம்மா வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அன்று கட்டிய சேலை. சத்தியம் செய்வது எங்கள் வேதத்தில் ஆகாது என்பதால், "நான் பொறுப்புப்பா" என்றேன். சத்தியமே செய்திருக்கலாம், இரண்டுக்கும் கதி ஒன்றுதான்.

இப்படிப்பட்ட போர்வைக்கு மூன்று அடுக்கு. மேலே சேலைத் துண்டுகள், நடுவில் பஞ்சு விரிப்பு, அடியில் காடாத் துணி. மூன்றையும் சேர்த்துக் கோடு கோடாகத் தைக்க வேண்டும். மிஷினின் அடியிலிருக்கும் பல் கீழ்த்துணியை மட்டும் இழுத்துப் போகும், மேல்துணி பின்தங்கிச் சுருங்கும். நான் ஒத்திகைக்குத் தைத்த தலையணை உறை பாபநாசம் மலைபோல மேடும் பள்ளமுமாக வந்தது. அதற்கு மருந்து வாக்கிங் ஃபுட், ஊசிக்கடியில் துணியை அழுத்திப் பிடிக்கும் காலுக்குப் பதிலாக மாட்டும் நடக்கும் கால், என்று வீடியோ சொன்னது. வரவழைத்து மாட்டினேன். கைக்கடக்கமான இரும்புக் கால். அதற்கும் பல் உண்டு. மேல்துணியைப் பிடித்து, ஊசியோடு கூடவே அடி எடுத்து வைக்கும். எத்தனை அடுக்கு கொடுத்தாலும் முகம் சுளிக்காமல் டக்டக்கென்று நடந்துபோகும். (இந்தக் குணத்தைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.)

அம்மாவின் முதல் வருஷ நினைவு ஜெபம், பாளையங்கோட்டையில் அப்பா வீட்டில். அன்றைக்குக் கொடுத்துவிட வேண்டும். ஒரே ஒரு கோடு பாக்கி. நான் நாவற்பழச் சேலையைக் கட்டிக்கொண்டேன். கத்திரிதானே படக்கூடாது, நான் கட்டினால் என்ன? அப்பா என்னை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு நாற்காலிகளை வரிசைப்படுத்தப் போனார். மிஷினையும் அங்கேயே தூக்கி வந்திருந்தேன். உள்ளறையில் மடி நிறையப் போர்வையைக் குவித்துக்கொண்டு கடைசிக் கோட்டைத் தைத்தேன். ஒரு சுருக்கம் இல்லை. ஆகா, கெட்டிக்காரி என்று என்னையே மெச்சிக்கொண்டு, போர்வையை நெஞ்சோடு அணைத்தபடி கூடத்துக்கு வந்தேன்.

சபையார் உட்கார்ந்திருந்தார்கள். ஐயர் (எங்கள் பக்கம் போதகரை அப்படித்தான் அழைப்போம்) வேதாகமத்தோடு தயாராக இருந்தார். நான் போர்வையை நீட்டினேன். அப்பா இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டு தன் நாற்காலிக்குத் திரும்பினார். கூடவே நானும் போனேன்.

"விடு ஏட்டி" என்றார் மெல்ல.

"விட முடியலப்பா."

கூடத்தில் உச்சுக்கொட்டும் சத்தம். அத்தை, அப்பாவின் தங்கை, குரல் உடைந்து அழுதாள். "தாய் சேலைல்லா! புள்ளைக்கு விட மனசு வரல பாருங்க."

"தடுக்காதீங்கம்மா, அழுதுக்கிடட்டும்" என்றார் ஐயர்.

நான் அதுவரை அழவில்லை. குனிந்து பார்த்த பிறகுதான் அழுகை வந்தது. நாவற்பழ முந்தானை ஒரு முழத்துக்குப் போர்வையின் அடியில் சேர்ந்து தைபட்டுக் கிடந்தது. சாதாரணக் காலாக இருந்தால் அந்த மடிப்புக்கே முரண்டு பிடித்து நூலை அறுத்து என்னைக் காப்பாற்றியிருக்கும். இந்தப் புண்ணியக் கால் என்னையும் ஓர் அடுக்காக மதித்து நடந்திருக்கிறது.

அப்பாவின் நாற்காலியை ஒட்டித் தரையில் உட்கார்ந்தேன். வேறு வழியில்லை. எதனாலும் பிரிக்க முடியாத அன்பைப் பற்றி ஐயர் பேசினார். நான் எப்படிப் பிரிப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அப்பா அந்தச் சேலையை மட்டும்தான் காப்பாற்றச் சொன்னார், அதையும் கெடுத்துவிட்டேனே.

ஜெபத்தின் நடுவில் (கண் திறக்கக் கூடாதுதான்) ஓரக்கண்ணால் பார்த்தேன். அப்பா கண்ணாடியைக் கழற்றினார். அவர் கை பழக்கத்தில் பக்கவாட்டில் துழாவியது. போர்வைக்குக் கீழே தொங்கிய முந்தானை அகப்பட்டது. அதை இழுத்து, இரண்டு பக்கமும் நிதானமாகத் துடைத்து மாட்டிக்கொண்டார். பிறகுதான் கையிலிருப்பது என்னவென்று பார்த்தார். தையலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

ஆமென் சொன்னதும், "கத்திரி எங்க?" என்றார்.

விஷயம் புரிந்த அத்தை ஓடிவந்தாள். "கத்திரி எதுக்குண்ணே? பைய தையலப் பிரிச்சுருவோம்."

"தையலத் தொடாத. அது அங்கனயே இருக்கட்டும்."

அவரே சேலையை வெட்டினார். முந்தானை போர்வையோடு நின்றது, நான் தனியாக வந்தேன். "ஒங்கம்மா இருந்திருந்தா இன்னைக்கு ஒனக்கு முதுகுல ரெண்டு விழுந்திருக்கும்" என்று சொல்லிச் சிரித்தார். ஒரு வருஷம் கழித்துச் சிரிக்கிறார். சிரிப்பு அழுகையாகி, கண்ணாடி மறுபடி நனைந்து, மறுபடி முந்தானையைத் தேடினார்.

மிச்சச் சேலை அலமாரிக்குப் போனது. இப்போது அலமாரிக்குப் பூட்டு இல்லை.

என் வீடு இரண்டு தெரு தள்ளி. தினமும் சாயங்காலம் அப்பாவைப் பார்த்துவிட்டுக் கிளம்ப எழுந்தால், யார் இருந்தாலும் சரி, அவர் அதைச் சொல்லாமல் விடுவதில்லை.

"நல்லாப் பாத்துக்க ஏட்டி, எங்கயும் சேந்து தச்சிருக்கான்னு."

நானும் முந்தானையை ஒருதரம் இழுத்துப் பார்ப்பேன். சில நாள் இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிடுகிறேன்.