சோழவந்தானில் நான் திருந்திய கதை

நம் பக்கம் குடிகாரன் வீட்டில் கூடப் பெண் எடுத்துவிடுவார்கள். காது சரியில்லாதவன் வீட்டில் எடுக்க நாலு தரம் யோசிப்பார்கள். இந்த ஞானம் எனக்குச் சோழவந்தானில், மண்டபமே பார்த்திருக்க, நிச்சயத் தட்டோடு விழுந்தபோது கிடைத்தது.

விளாங்குடியில் எனக்கு டைல்ஸ் கடை. தரை சமமாக இருக்கிறதா என்று பார்த்துச் சொல்வதே பிழைப்பு. ஒரு நாள் காலை என் கடைத் தரையே சுற்ற ஆரம்பித்தது. இடது காதில் கிரைண்டர் ஓடுவது போல இரைச்சல். (முதலில் தரை போட்ட கொத்தனாரைத்தான் திட்டினேன்.) காது மூக்கு தொண்டை டாக்டரம்மா என்னைச் சின்ன அறைக்குள் உட்கார வைத்து, சத்தம் கேட்கும்போதெல்லாம் பட்டனை அழுத்தச் சொன்னார். இடது காதின் முறை வந்தபோது, மெஷின் ரிப்பேர் போல என்று நினைத்துப் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். மெஷின் நன்றாகத்தான் இருந்தது.

"உள்காதுல நீர் அழுத்தம் கூடியிருக்கு. மெனியர்னு சொல்லுவோம். அடியோட போகாது, கட்டுக்குள்ள வச்சுக்கலாம்" என்றார். உப்பைக் குறைக்க வேண்டும், காபியைக் குறைக்க வேண்டும், சுற்றலுக்கு ஒரு மாத்திரை, நீர் பிரிய ஒரு மாத்திரை.

அந்த மாதம்தான் அக்கா மகளுக்குச் சோழவந்தானில் வரன் அமைந்தது. வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருக்கும் குடும்பம். அக்கா வீட்டுக்காரர் காலமாகிவிட்டதால், நிச்சயத்தில் தட்டு மாற்ற வேண்டியவன் தாய்மாமன் நான். அக்கா என்னைத் தனியே கூப்பிட்டாள்.

"டேய், காது மந்தம், தலை சுத்துதுன்னு அங்க மூச்சு விட்றாத. பரம்பரை வியாதின்னு நெனச்சுருவாக. ஏற்கெனவே மூணு வரன் தட்டிப்போச்சுடா."

சொல்லும்போதே அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. வாயைத் திறக்க மாட்டேன் என்று சத்தியம் செய்தேன்.

அதைக் காப்பாற்ற நான் செய்த ஏற்பாடுகள்தான் வினை. நீர் மாத்திரை போட்டால் அரை மணிக்கொரு தரம் ஓட வேண்டும். சபையில் தாய்மாமனைத் தேடும்படி ஆகிவிடக்கூடாதே என்று, அன்று மாத்திரைகளை வீட்டிலேயே விட்டுவிட்டேன். பந்தியில் உப்பு ஆகாது என்றால் காரணம் கேட்பார்கள். ஆகவே பொங்கல், நாலு வடை, இரண்டு டம்ளர் காபி. (சந்தேகம் வரக்கூடாது என்பதற்காகத்தான் நாலு வடை என்பதை என் மனைவி இன்றுவரை நம்பவில்லை.)

தட்டைக் கையில் வாங்கியதும் காதுக்குள் கிரைண்டர் ஓடியது. எதிரே நின்ற மாப்பிள்ளையின் அப்பா மெல்லச் சுற்றினார். மண்டபத் தூண்களும் அவரோடு கிளம்பின. நான் இடப்பக்கம் சாய்ந்து, போட்டோகிராபர் மேல் மோதி, நிச்சயப் புடவை, தேங்காய், வாழைப்பழம் சகிதம் மாப்பிள்ளையின் அப்பா காலடியில் விழுந்தேன். எழுந்து தள்ளாடி வாசலுக்கு ஓடி, நாலு வடையையும் திருப்பிக் கொடுத்தேன்.

கூட்டத்தில் ஒருவர், "காலையிலயேவா!" என்றார்.

என் மனைவி பதறிப்போய், "ஐயோ, அதில்லைங்க, இவருக்குக் காதுல..." என்று ஆரம்பித்தாள். நான் அக்காவின் முகத்தைப் பார்த்தேன். அதுவும் சுற்றிக்கொண்டுதான் இருந்தது, ஆனாலும் அதிலிருந்த பயம் தெரிந்தது.

"ஆமாண்ணே, கொஞ்சம் போட்டுட்டேன். மன்னிச்சுக்கங்க" என்று முந்திக்கொண்டேன். நானோ இஞ்சி டீயைத் தாண்டி எதையும் குடித்தறியாதவன்.

மாப்பிள்ளையின் அப்பா நெஞ்சில் கை வைத்துச் சிரித்தார். "இம்புட்டுத்தானா தம்பி? நான்கூட ஏதோ வியாதின்னு பயந்துட்டேன். எங்க வீட்ல குடிக்காதவுக யாரு இருக்கா? தட்டை எடுங்கப்பா!"

இரண்டு பேர் என்னை இரண்டு பக்கமும் பிடித்துக்கொள்ள, தட்டு மாறியது. அக்கா அழுதுகொண்டே சிரித்தாள்.

மறு வாரம் மாப்பிள்ளையின் அப்பா என் கடை வாசலில் வந்து நின்றார். "வாங்க தம்பி, கல்யாணத்தன்னைக்கும் இப்படி ஆயிரக் கூடாதுல்ல, ஒரு எடத்துக்குப் போயிட்டு வருவோம்." ஊருக்கு வெளியே ஒரு கருப்பசாமி கோயில். குடியை விடுவதாகச் சத்தியம் வாங்கிக் கையில் கறுப்புக் கயிறு கட்டுகிற இடம்.

"எம்புட்டு வருசப் பழக்கம்?" என்று கேட்டார் பூசாரி.

"ஒரு இருபது வருசம் இருக்கும் சாமி" என்றேன். (குறைத்துச் சொன்னால் கூட்டிவந்தவருக்கு மரியாதையாக இருக்காது.)

கல்யாணத்திலும் விழுந்தால் கருப்பன் பெயரும் சேர்ந்து கெடுமே என்ற பயத்தில், டாக்டரம்மா சொன்னதை ஒழுங்காகச் செய்தேன். உப்பு குறைந்த சாம்பார், வேளை தவறாத மாத்திரை. அப்படியும் அடங்காததால் காதுக்குள் இரண்டு ஊசி. நாலு மாதத்தில் சுற்றல் நின்றது. போன செவித்திறன் திரும்பவில்லை. அதற்கு ஒரு கருவி மாட்டிக்கொண்டேன். கல்யாணத்தன்று அதை வீட்டில் விட்டுவிட்டுப் போய், ஆடாமல் அசையாமல் நின்றேன். எல்லாரும் என் கையிலிருந்த கயிற்றைக் கும்பிட்டார்கள்.

அக்காவுக்குப் பேரன் பிறந்த பிறகு எனக்கு மனசு கேட்கவில்லை. அக்காவிடம் சொல்லிவிட்டு, ரிப்போர்ட், மருந்துச் சீட்டு, காதுக் கருவி எல்லாவற்றையும் கொண்டுபோய் மாப்பிள்ளையின் அப்பா முன்னால் பரப்பி, நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். கருவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"குடிச்சுக் குடிச்சுக் காதே போயிருச்சு பாருங்க" என்றார், உண்மையான வருத்தத்தோடு. "பழசை விடுங்க தம்பி. நிறுத்திட்டீகல்ல, அதுவே பெருசு."

இப்போது அவர்கள் வீட்டு விசேஷத்தில் எவனாவது குடித்துவிட்டு வந்தால், புத்தி சொல்லச் சொல்லி என்னிடம் கொண்டுவந்து உட்கார வைக்கிறார்கள். அவனை இடது பக்கம் உட்கார வைத்துக் கருவியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொள்கிறேன். அவன் மணிக்கணக்காக அழுது புலம்புவான். நான் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருப்பேன். இதுவரை ரெண்டு பேர் திருந்திவிட்டார்களாம்.