கார்டுக்குக் கீழே காற்று போக ஒரு வழி

தலவாக்கலை,
சனிக்கிழமை காலை.

அன்பும் அவசரமும் நிறைந்த மச்சான் விஜிதரன் அவர்களுக்கு,

உங்கள் அக்கா லெட்சுமியின் கணவன் பொன்னையா எழுதிக்கொள்வது. முருகன் புண்ணியத்தில் இங்கே மூன்று பேரும் உயிரோடு இருக்கிறோம். அதில் இரண்டு பேருக்கு மூக்கொழுகும் தடிமன். கொழும்பில் நீங்களும் குடும்பமும் சுகமாக வேர்த்துக்கொண்டிருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

போன் இருக்க ஏன் கடிதம் என்று கேட்பீர்கள். போனில் நான் "ஆனா" என்று வாயைத் திறந்தாலே, "சரி மச்சான், பௌர்ணமிப் போயா லீவுக்கு வேனோட வாறேன், பிள்ளைய ரெடியா இருக்கச் சொல்லுங்க" என்று வைத்துவிடுகிறீர்கள். கடிதத்தை இடையில் வெட்ட முடியாதல்லவா? ஆகவே முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேன் வேண்டாம். கிருஷாந்தியைக் கொழும்புக்கு அனுப்புவதாக இல்லை. எனக்கிருப்பது ஒரே மகள், அவள் என் கண் முன்னால் இருந்தே வேலை பார்ப்பாள்.

விஷயத்துக்கு வருகிறேன். அவளுடைய கம்ப்யூட்டருக்கு நீங்கள் அன்பளிப்பாக அனுப்பிய கிராபிக்ஸ் கார்டு வந்து சேர்ந்தது. தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாதுதான். ஆனாலும் மச்சான், அது கார்டா, இல்லை பேக்கரியில் வாங்கும் ஒரு றாத்தல் பாணா? பெட்டிக்குள் மாட்டியதும் பாதி போர்டு கண்ணுக்குத் தெரியவில்லை. அப்படி மறைந்துபோன இடத்தில்தான் சிப்செட் என்று ஒரு சில்லு உட்கார்ந்திருக்கிறதாம். யார் யாரோடு பேசுவது, எந்தச் செய்தி எங்கே போவது என்று தோட்டத்துக் கண்டாக்கு மாதிரி போர்டை மேற்பார்வை பார்ப்பது அதுதான் என்றாள் மகள். அதன் தலைமேல் உங்கள் கார்டு படுத்துக்கொண்டு மூச்சு விடுகிறது. சூடு தொண்ணூற்றெட்டுப் பாகைக்குப் போனதும் படம் அப்படியே உறைந்து நிற்கும். செய்த வேலை அத்தனையும் போய்விடும்.

கொழும்புக் கம்பெனி கொடுத்த பரீட்சை வேலை உங்களுக்குத் தெரியும். இன்னும் கட்டாத ஒரு ஹோட்டலைக் கட்டி முடித்த மாதிரி இரண்டு நிமிடப் படமாகச் செய்து வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குள் அனுப்ப வேண்டும். பிடித்துவிட்டால் வேலை நிச்சயம், வீட்டிலிருந்தே செய்யலாம் என்று சொல்லிவிட்டார்கள். திங்கட்கிழமை மட்டும் ஐந்து தடவை ஹோட்டல் பாதியில் நின்றது. ஐந்தாவது தடவை பிள்ளை மேசையில் தலையை வைத்து அழுதாள். அதைப் பார்த்ததும் எனக்கு வந்தது ஒரு வைராக்கியம். பனி கொட்டும் நுவரெலியா மாவட்டத்தில் இருந்துகொண்டு ஒரு சில்லைக் குளிர வைக்க முடியாவிட்டால் நான் என்ன மனிதன்?

உடனே வீட்டிலுள்ள ஜன்னல்கள் அத்தனையையும் திறந்துவிட்டேன். மூடுபனி உள்ளே வந்து சோபாவில் உட்கார்ந்தது. தேங்காய் எண்ணெய் போத்தலோடு கல்லாகியது. உங்கள் அக்கா இரண்டு ஸ்வெட்டருக்கு மேல் கம்பளியைப் போர்த்திக்கொண்டு, "இந்த மனுசனுக்குக் கிறுக்குப் புடிச்சிருச்சு" என்றபடி சோறாக்கினாள். மகள் கையுறை போட்டுக்கொண்டு வரைந்தாள். வீட்டில் சூடாக இருந்தது அந்தச் சில்லு ஒன்றுதான். தொண்ணூற்றேழு.

அப்போதுதான் எனக்கு என் தொழில் ஞாபகம் வந்தது. முப்பத்திநாலு வருஷம் தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் மாடியில் நின்றவன் நான். தொட்டியில் கொழுந்தைக் கனமாகக் கொட்டினால், கீழேயிருந்து எவ்வளவு பெரிய ஃபேன் போட்டாலும் காற்று மேலே வராது. அடிக்கொழுந்து வெந்து சிவந்துவிடும். குளிர் இருந்து என்ன பயன், காற்று போகும் வழி அல்லவா முக்கியம்? வழியைக் கண்டுபிடிக்க ஓர் ஊதுபத்தியைக் கொளுத்திப் பெட்டிக்குள் மெதுவாகச் சுற்றிக் காட்டினேன். நான் நினைத்தது சரி. மேலே போன புகை பின்பக்கமாக ஓடிவிட்டது. கார்டுக்குக் கீழே போன புகையோ அங்கேயே வட்டமடித்துக்கொண்டிருந்தது.

இந்த நேரம் பார்த்து உங்கள் அக்கா உள்ளே வந்தாள். நான் கம்ப்யூட்டருக்கு ஊதுபத்தி சுற்றுகிறேன். குளிரில் மகள் கையைக் கூப்பிக்கொண்டு நிற்கிறாள். வேலை கிடைக்கப் பூசை என்று நினைத்தவள், திருநீற்றை அள்ளி வந்து, நான் தடுப்பதற்குள் கார்டின் முதுகில் பட்டை போட்டுவிட்டாள். ஃபேன் அதை வாங்கி மூன்று பேர் முகத்திலும் திருப்பி அடித்தது. அந்தக் கோலத்தில் நாங்கள் தும்மிக்கொண்டிருக்கும்போது பக்கத்து வீட்டுக் காளியாயி அக்கா எட்டிப் பார்த்தார். கதவு ஜன்னல் எல்லாம் திறந்து கிடக்கிறது, ஊதுபத்தி வாசம், எல்லோர் கண்ணிலும் தண்ணீர். "அய்யய்யோ! யாருக்கு என்னாச்சு தம்பி?" என்று ஓடியவர்தான். அரை மணி நேரத்தில் வெள்ளைச் சட்டையோடு எட்டுப் பேர் வந்து வாசலில் நின்றார்கள். ஒருவர், "எப்ப எடுக்கிறாங்க?" என்று கேட்டார். வெள்ளிக்கிழமைக்குள்ளே எடுத்துவிடுவோம் என்று மகள் உள்ளேயிருந்து ஹோட்டலைப் பற்றிச் சொன்னாள். வந்தவர்களுக்குத் தேநீர் கொடுத்து அனுப்பினோம், வேறென்ன செய்வது?

நான் தளரவில்லை. டவுனில் கம்ப்யூட்டர் திருத்தும் ரிஸ்வியிடம் போனேன். உள்ளங்கை அளவு ஃபேன் ஒன்றை எடுத்துத் தந்து, "கார்டோட வால் பக்கம் தாழ்வா வைங்க ஐயா, அடியால காத்து ஓடட்டும்" என்றார். காற்று சிதறாமலிருக்க ஒரு குழாய் செய்ய நினைத்தேன். முதலில் தேயிலைப் பொதியின் வெள்ளித்தாளை வெட்டினேன். "அப்பா! அது பட்டா கரண்ட் பாய்ஞ்சு போர்டே போயிரும்!" என்று மகள் போட்ட சத்தத்தில் கத்தரிக்கோல் கையிலிருந்து விழுந்தது. பிறகு சப்பாத்துப் பெட்டி அட்டையை வெட்டி, மடித்து, ஒட்டினேன். திருநீற்றைத் தூரிகையால் தட்டி எடுத்தோம். மறுபடி ஊதுபத்தி. இந்த முறை புகை கார்டுக்கு அடியில் நூல் பிடித்த மாதிரி ஓடியது.

அறுபத்தெட்டு, மச்சான்! அதற்கு மேல் ஒரு பாகை ஏறவில்லை. வியாழக்கிழமை ஹோட்டல் முழுதாக எழும்பி, நீச்சல் குளத்தில் தண்ணீரும் ஆடியது. நேற்றுக் காலையே அனுப்பிவிட்டாள். இருந்தாலும் ஜன்னல்களை நான் மூடவில்லை. ஓசியில் வருகிற குளிரை விடுவானேன்?

ஆகவே "மலையில அந்த மெஷின் ஓடாது மச்சான்" என்ற பேச்சை இதோடு விட்டுவிடுங்கள். ஓடுகிறது. வேனுக்குச் சொல்லியிருந்தால் வேண்டாமென்று சொல்லிவிடுங்கள். என் முடிவில் மாற்றமில்லை.

வீட்டில் எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்லவும். சின்னவனுக்கு என் ஆசீர்வாதம். அம்மன் உங்களைக் குறையில்லாமல் வைத்திருக்கட்டும்.

இப்படிக்கு,
உறுதியுடன்,
பொன்னையா

பி.கு.: கடிதத்தை ஒட்டப் போகும்போது மகள் வந்தாள். வேலை கிடைத்துவிட்டது. வீட்டிலிருந்து செய்கிறாயா, ஆபிசுக்கு வருகிறாயா என்று கேட்டார்களாம். ஆபிசுக்கு வருகிறேன் என்று எழுதிவிட்டாளாம். ஏனம்மா என்றேன். "கோவிச்சுக்காதீங்கப்பா. அஞ்சு நாளா விரல் மடங்க மாட்டேங்குது. கொழும்பு வெக்கைன்னு மாமா சொன்னப்பவே எனக்கு ஆசையா இருந்துச்சு" என்று சிரித்தாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன், அதை அக்காவிடம் சொல்ல வேண்டாம். போயாவுக்கு வேனைக் கொண்டு வாருங்கள். ஜன்னல்களை எல்லாம் இப்போதுதான் மூடினேன். அவள் இருக்கப் போகிற இந்தக் கொஞ்ச நாளாவது வீடு சூடாக இருக்கட்டும்.