மூக்குக்கு முப்பது வரி

பெங்களூரில் அச்சாகும் எல்லாப் பத்திரிகைகளையும், அவற்றின் ஆசிரியர்களையும், ஆசிரியர்களின் மூக்குக் கண்ணாடிகளையும் தராசின் ஒரு தட்டில் வைத்து, இன்னொரு தட்டில் ஸ்ரீராம்புரத்துத் தண்ணீர் வால்வ்காரர் ஒருவரை உட்கார வைத்தால், தராசு அவர் பக்கம்தான் சாயும். அவர் கையில் எப்போதும் இருக்கும், தெருவுக்குத் தண்ணீர் திறந்துவிடும் இரும்புச் சாவியின் எடையைக் கழித்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

அவருடைய நிஜப் பெயர் ரேஷன் கார்டுக்கு மட்டும் தெரியும். ஊருக்கு அவர் ‘திருத்தம்’. பத்திரிகைகளில் ஏழாம் பக்கத்து மூலையில், வரன் விளம்பரத்துக்கும் பல்பொடி விளம்பரத்துக்கும் நடுவே, யார் கண்ணிலும் பட்டுவிடக் கூடாது என்பதுபோல ஒரு குட்டிப் பெட்டி வருமே, ‘நேற்றைய இதழில் தவறுதலாக வெளியாகிவிட்டது, வருந்துகிறோம்’ என்று? மனிதர் பேப்பரை வாங்கியதும் முதலில் படிப்பது அதைத்தான். அது இல்லாத நாளில் முகம் வாடிவிடும். “இன்னைக்குப் பேப்பர்ல ஒண்ணுமே இல்ல” என்று மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொள்வார். பிரதம மந்திரி ராஜினாமா செய்திருந்தாலும் அவருக்கு அது ஒன்றுமே இல்லாத பேப்பர்தான்.

“தப்பு பண்ணேன்னு பேப்பர்காரன் வாயால ஒத்துக்கற இடம் இது ஒண்ணுதான் பாப்பா. மத்ததெல்லாம் அவன் சொல்றான், நாம நம்பணும். இத மட்டும் நம்பியே ஆகணும்” என்பார்.

பாப்பா என்பது நான். திருப்பத்தூரிலிருந்து ஒரு டிப்ளமோவோடும், உலகத்தைத் திருத்தும் எண்ணத்தோடும் வந்து, ஸ்ரீராம்புரத்தில் சித்தி வீட்டில் தங்கி, ஒரு சின்னத் தமிழ் நாளிதழின் பெங்களூர் ஆபீஸில் பயிற்சி நிருபராகச் சேர்ந்திருந்தேன். இடுப்பில் பேஜர் மாட்டிக்கொண்டவர்களைத் தெருவே திரும்பிப் பார்த்த காலம். தெருவில் பார்த்தால் ‘பாப்பா’ என்பவர், ஆபீஸ் படியேறி வந்துவிட்டால் ‘மேடம்’ என்பார். மேடம் என்று ஆரம்பித்தால் ஆபத்து என்று அர்த்தம்.

முதல் ஆபத்து நான் சேர்ந்த மூன்றாம் நாளே வந்தது. அம்மன் கோயில் திருவிழாவுக்கு ‘ஐயாயிரம் பேர் திரண்டனர்’ என்று எழுதியிருந்தேன். மாடிப்படியில் டங், டங் என்று சத்தம். எடிட்டர் சட்டென்று எழுந்து பாத்ரூமுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். நான்கடி உயரச் சாவியைப் படிக்குப் படி ஊன்றிக்கொண்டு திருத்தம் உள்ளே வந்தார்.

“மேடம், அந்த கிரவுண்ட நான் இந்தச் சாவி வெச்சு அளந்துட்டேன். நீளம் பதினெட்டுச் சாவி, அகலம் பத்துச் சாவி. நீங்க சொல்ற ஆளுங்க நிக்கணும்னா ஒவ்வொருத்தர் தோள் மேலயும் இன்னொருத்தர் ஏறி நிக்கணும். அப்படி யாரும் ஏறல. நான் இருந்தேன்.”

“அது சும்மா, கூட்டம் ஜாஸ்தின்னு சொல்றதுக்காகண்ணா.”

“அப்ப கூட்டம் ஜாஸ்தின்னு போடுங்க. எடிட்டர் சார் எங்க?”

“வெளிய போயிருக்கார்.”

“அவர் செருப்பு வாசல்ல இருக்குது மேடம். வெறுங்கால்ல போனாரா? இதுக்கும் சேத்து ஒரு திருத்தம் போடணும் போல.”

நகரில் பரவலாக மழை என்று போட்டால் வருவார். அந்த நேரத்தில் தண்ணீர்த் தொட்டியின் மேல் நின்றுகொண்டிருந்ததாகவும், ஒரு சொட்டு விழவில்லை என்றும் சொல்வார். ஒருமுறை ராசிபலனைக் கொண்டுவந்துவிட்டார். கன்னி ராசிக்கு வெளியூர்ப் பயணம் என்று போட்டிருந்தோம். அவர் அன்று முழுக்க வால்வ் குழியைவிட்டு நகரவில்லையாம். “ராசிபலனுக்கெல்லாம் திருத்தம் போட ஆரம்பிச்சா நான் தனியா ஒரு பேப்பர் நடத்தணும்யா” என்று எடிட்டர் பாத்ரூமுக்குள்ளிருந்தே பதில் சொன்னார்.

எடிட்டருக்குப் பயம் ஏன் என்றால், அவர் வீடும் திருத்தத்தின் லைனில்தான் இருந்தது. ஒரு நாள் விட்டு ஒரு நாள், காலை ஆறு மணிக்கு வரும் தண்ணீர் அந்தச் சாவியின் ஒரு சுற்றில் இருந்தது. கோபத்தில் மனிதர் கால் சுற்றுக் குறைத்துவிட்டால்? ஒருநாள் நானே துணிந்து கேட்டேன். திருத்தம் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “தண்ணி வேற, நியூஸ் வேற பாப்பா” என்றார். அந்த ஆபீஸில் எடிட்டோரியல் கொள்கை என்று யாராவது ஒழுங்காக எடுத்துச் சொன்னது அந்த ஒருமுறைதான்.

பம்ப் ஷெட் சுவரில், மோட்டாருக்கு மேலே, அவர் வாங்கித் தந்த திருத்தங்களையெல்லாம் கோதுமைப் பசை போட்டு ஒட்டி வைத்திருந்தார். ஆறு இருந்தன. நடுவில் சாமி படத்துக்கு இடம் போதாமல் சாமி கொஞ்சம் தள்ளிப் போயிருந்தது.

இப்படி இருக்கும்போதுதான் அந்த வியாழக்கிழமை வந்தது.

எங்கள் பக்கத்துச் சந்தில் குடிதண்ணீர்க் குழாயும் சாக்கடையும் ஒட்டி உறவாடிக்கொண்டிருந்தன. நான் ஏழு மணிக்குப் போனபோது ஒரே கூட்டம். திருத்தம் வால்வை முழுக்க மூடிவிட்டு வேர்வையோடு நின்றுகொண்டிருந்தார். குழாயில் சாக்கடை கலந்துவிட்டது, இவர் மூடியதால் ஆபத்து இல்லை என்றார்கள். யார் கண்டுபிடித்தது என்று கேட்டேன். “திருத்தம்தான் ஓடி வந்து மூடினாரு” என்றார் ஒருவர். எனக்கு அது போதும். அவரிடமே கேட்க நேரமில்லை. கேட்டால் எப்படியும் ஏதாவது திருத்துவார் என்று தோன்றியது. ஆபீஸுக்கு ஓடினேன்.

மறுநாள் முதல் பக்கத்தில் வந்தது. ‘மோப்ப சக்தியால் மக்களைக் காத்த மாவீரர்’. முப்பது வரி. விடியற்காலையில் காற்றில் வந்த ஒரு சிறு நாற்றத்தை அவருடைய நுட்பமான மூக்கு எப்படிப் பிரித்தறிந்தது, எப்படிச் சிறுத்தை போலப் பாய்ந்தார், எப்படி நானூறு குழந்தைகள் காப்பாற்றப்பட்டன என்று எழுதியிருந்தேன். அந்தச் சந்தில் நானூறு குழந்தைகள் இருக்க வேண்டுமென்றால் வீட்டுக்குப் பதிமூன்று வேண்டும். எனக்கு அப்போது கணக்கு தோன்றவில்லை.

செய்தி தீயாகப் பரவியது. ஏரியா கவுன்சிலர் ஞாயிற்றுக்கிழமை விழா என்று அறிவித்தார். சால்வை, மாலை, மைக். அதைவிடப் பெரிய விஷயம்: பதினோரு வருடமாகத் தினக்கூலியாக இருக்கும் திருத்தத்தின் வேலையை நிரந்தரமாக்க, மேடையிலேயே சிபாரிசுக் கடிதம் கொடுக்கப்போகிறார். சித்தி என்னைக் கட்டிக்கொண்டாள். “ஒரு குடும்பத்துக்கு வெளக்கேத்தி வெச்சிட்டடி” என்றாள். பேனாவின் வலிமை பற்றிக் கல்லூரியில் படித்ததெல்லாம் உண்மைதான் என்று நினைத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை மாடிப்படியில் டங், டங். நன்றி சொல்ல வருகிறார் என்று எடிட்டர் முதல்முறையாக நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார்.

“மேடம்,” என்றார் திருத்தம்.

எடிட்டர் பாத்ரூம் கதவைப் பார்த்தார்.

“அத மொதல்ல கண்டுபிடிச்சது நான் இல்ல. விமலா. கார்மெண்ட்ஸ்ல வேல செய்யுதே, அந்தப் பொண்ணு. அவ பஸ்ஸு ஆறரைக்கு, அதனால மொதல் குடம் எப்பவும் அவளுதுதான். ‘யோவ் திருத்தம், இந்தத் தண்ணிய மோந்து பாரு’ன்னா. நான் இன்னா சொன்னேன் தெரியுமா? ‘கவர்மெண்ட் தண்ணி ரோஜாப்பூ வாசனையா வரும்? போம்மா, பஸ்ஸு போயிடப் போவுது’ன்னேன். அவ ஒரு லோட்டா மொண்டு என் கையில குடுத்து, ‘அப்ப நீ குடி, நான் போயிடறேன்’னா. அப்பத்தான் என் மூக்கே வேல செஞ்சுது.”

நான் வந்த ஏழு மணிக்கு விமலா அக்கா கம்பெனி பஸ்ஸில் போய்விட்டிருந்தார். கண்டுபிடித்த ஆளே இல்லாத நேரத்தில் நான் போய், திருத்தத்தையும் விட்டுவிட்டு மற்றவர்களை விசாரித்திருக்கிறேன்.

எடிட்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். “யோவ், திட்டி எழுதினா திருத்தம் கேப்பாங்க. பாராட்டுக்கு எவனாவது கேப்பானா? நாளைக்கு உனக்கு வேல பர்மனெண்ட் ஆவுதுய்யா.”

“ஆவுது சார். எங்க வீட்டம்மா அதுக்குள்ள கோலார்ல அவங்க அண்ணனுக்கு லெட்டரே போட்டுட்டா.”

“அப்புறம் என்ன?”

“என் மூக்கப் பத்தி முப்பது வரி போட்டிருக்கீங்க சார். பைப்பப் பத்தி ஒரு வரி இல்ல.” சாவியைச் சுவரில் சாய்த்து வைத்தார். அவர் அதைக் கையைவிட்டு வைத்து நான் பார்த்ததே இல்லை. “அந்த ஓட்டை மேல சைக்கிள் ட்யூப சுத்திட்டுப் போய்ட்டாங்கோ. எஞ்சினீயர் ஆபீஸ்ல கேட்டா, ‘அதான் நீ இருக்கியே, மோந்து பாத்து மூடிடு’ன்னு சிரிக்கிறாங்க. என் மூக்கு இருக்குதுன்னு பைப்ப மாத்தாம வுட்டுட்டா, எனக்கு ஜலதோஷம் புடிக்கிற அன்னிக்கு இன்னா பண்றது?”

அவர் பையிலிருந்து பம்ப் ஷெட்டின் புகார் நோட்டை எடுத்தார். விமலா அக்காவின் பெயரில் இரண்டு புகார்கள், திருத்தத்தின் கையெழுத்தில். மேலே அனுப்பியிருக்கிறார். யாரும் வரவில்லை.

“மூணாவது வாட்டியும் சொன்னா சார். அத நான் எழுதவே இல்ல. சும்மா தொணதொணங்கிறான்னு வுட்டுட்டேன். அதையும் போடுங்க.”

“அதைப் போட்டா இருக்கிற தினக்கூலியும் போயிடும்ணா” என்றேன்.

“மத்தவன் தப்புக்கெல்லாம் நான் இங்க படியேறி வந்திருக்கேன் பாப்பா. என் தப்புக்கு வரலன்னா நல்லாவா இருக்கும்?”

ஆபீஸில் அவர் என்னைப் பாப்பா என்று கூப்பிட்டது அன்றுதான். எடிட்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு என்னிடம், “எழுதும்மா. முதல் பக்கம். செய்தி எங்க வந்துச்சோ அங்கயே” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை வந்தது: ‘ஸ்ரீராம்புரத்தில் குடிநீரில் சாக்கடை கலந்ததை வால்வ்காரர் கண்டுபிடித்ததாக நாம் வெளியிட்ட செய்தி தவறு. கண்டுபிடித்தவர் அங்கு வசிக்கும் விமலா. அவர் முன்பே மூன்று முறை புகார் சொல்லியிருக்கிறார். இரண்டு புகார்களுக்கு யாரும் வரவில்லை. மூன்றாவதை வால்வ்காரர் எழுதிக்கொள்ளவில்லை. குழாய் இன்னும் மாற்றப்படவில்லை. வருந்துகிறோம்.’

விழா நின்றது. மைக் செட்டுக்காரர் வயரைச் சுருட்டிக்கொண்டு போனார். கவுன்சிலரின் ஆள் சந்து முனையில் திருத்தத்தைப் பிடித்து, “ஏன்ரீ, நிமகே புத்தி இல்வா?” என்று கேட்டார். “இதெ சார், ஸ்வல்ப லேட்டாகி பந்து” என்று சுத்தமான கன்னடத்தில் பதில் வந்தது. புத்தி இருக்கிறது, கொஞ்சம் லேட்டாக வந்தது என்று.

ஆனால் திங்கட்கிழமை எஞ்சினீயர் வந்தார். தானாக வரவில்லை; முதல் பக்கத்தைக் கத்தரித்து மேலிடத்திலிருந்து ஒரு கேள்வியோடு அனுப்பியிருந்தார்கள். மூன்று புகார், யாரும் வரவில்லை, குழாய் மாற்றப்படவில்லை: இதற்கெல்லாம் சிரித்துப் பதில் சொல்ல முடியாது. இரண்டே வாரத்தில் சந்தைத் தோண்டி, சாக்கடையை விட்டுத் தள்ளி, புதுக் குழாய் போட்டார்கள். என் மாவீரர் கட்டுரையால் வந்தது ஒரு சால்வை. அதுவும் கடைக்கே திரும்பிப் போய்விட்டது. வருந்துகிறோம் என்று எழுதிய வரிகளால் வந்தது ஒரு தெருவுக்கே தண்ணீர்.

திருத்தத்தை ஒரு வாரம் வேலைக்கு வர வேண்டாம் என்றார்கள். அந்த ஏழு நாளும் பள்ளத்தின் ஓரத்தில் நின்று, தோண்டுகிறவர்களின் ஆழத்தைச் சாவியால் அளந்து உயிரை வாங்கினார். முதல் தண்ணீர் வந்த அன்று விமலா அக்காவைக் கூப்பிட்டு, ஒரு லோட்டா மொண்டு நீட்டினார். அக்கா மோந்து பார்த்துவிட்டு, “ரோஜாப்பூ வாசனை வரலியே” என்றார். சந்தே சிரித்தது.

அப்புறம் கேபிள் டி.வி.க்காரர்கள் வந்தார்கள். பேட்டி எடுக்க வந்த பையனிடம் திருத்தம், “உங்க டி.வி.ல திருத்தம் எங்க வரும்?” என்று கேட்டார். “அதெல்லாம் இல்லண்ணா, நியூஸ் ஓடிட்டே இருக்கும்.” “அப்ப தப்பும் ஓடிட்டே இருக்குமா?” பேட்டி அத்தோடு முடிந்தது.

இப்போது வைட்ஃபீல்டில் கம்ப்யூட்டர் தட்டும் என் சிநேகிதிகள், பேப்பராலும் டி.வி.யாலும் யாருக்கு என்ன பிரயோஜனம், நாங்கள் செய்தி பார்ப்பதையே விட்டுவிட்டோம் என்கிறார்கள். அவர்கள் சொல்லும் குற்றம் பாதிக்கு மேல் நிஜம். முப்பது வரி மூக்கு எழுதியவள் நான், எனக்குத் தெரியாதா? ஆனாலும் நான் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டுதான் பேசுகிறேன். தன் தப்பை முதல் பக்கத்தில் போட்ட ஒரு பேப்பரில் நான் வேலை பார்த்திருக்கிறேன். அதைப் போட வைத்த ஒரு வாசகர் எங்களுக்கு இருந்தார்.

திருத்தத்தின் வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. இதை எழுதி அச்சுக்கு அனுப்புவதற்கு முன்னால் பம்ப் ஷெட்டுக்குப் போய் அவரிடம் படித்துக் காட்டினேன். பதினோரு தப்பு கண்டுபிடித்தார். எல்லாவற்றையும் சரிசெய்துவிட்டேன்.

“கடைசில இன்னா போடப் போற?” என்றார்.

“உங்களப் பத்தி நல்லதா ஒரு வார்த்தைண்ணா.”

“அதுக்கு ஆதாரம் இருக்குதா?”

இருக்கிறது. ஒரு நாள் விட்டு ஒரு நாள், காலை ஆறு மணிக்கு, அந்தச் சந்தின் முப்பத்தொரு குழாயிலும் வருகிறது.