வியாகுலத்துக்கு இரண்டு பற்றரி

"மாமி, இன்னுமொருக்கால் சொல்லுங்கோ," என்றான் எமில்ராஜ்.

கத்தரீனா மைக்கில், யேசுவின் பாடுகளைச் சொல்லும் வியாகுலப் பிரசங்கத்தின் முதல் வரியை இழுத்தார். ஸ்பீக்கரில் பாதிக் குரல்தான் வந்தது. மீதி கரகரத்தது.

"அம்மாவின்ரை கழுத்தை ஆரோ நெரிக்கிற மாதிரிக் கிடக்கு," என்றாள் அவன் மனைவி ஜெசிதா.

தவக்காலத்தில் அந்த ஒழுங்கைச் சனத்துக்குக் கத்தரீனாதான் அதை வாசிப்பார். இப்போது குரல் மெலிந்துவிட்டது. இன்று மாலை பின்வரிசைக்குக் கேட்காவிட்டால் புத்தகம் அதே ஒழுங்கையிலிருக்கும் பிலோமினாவின் கைக்குப் போய்விடும். மாமி உடைந்துபோவார் என்று பயந்து, குரலைப் பெருக்கும் ஓப்-ஆம்ப் சிப் வைத்து ஒரு பெட்டி செய்திருந்தான் எமில்ராஜ். சிப்பில் பிழையில்லை. அதற்குக் கொடுக்கும் கரண்ட்தான் சரிவரவில்லை.

"ஒரு பற்றரி காணாது. குரல் மேலயும் போகும், கீழயும் போகும். ஒரு பிளஸ், ஒரு மைனஸ், நடுவில ஒரு சைபர் வேணும்."

"நடுவில சைபரோ? அது இந்த வீட்டில ஏற்கெனவே இருக்கு," என்று அவனையே பார்த்தாள் ஜெசிதா.

டோர்ச், மணிக்கூடு எல்லாவற்றின் பற்றரிகளையும் கழற்றி இரண்டு கட்டாகக் கோத்தான். குரல் முழுதாக வந்து, இரண்டாம் வரியில் செத்தது.

இரண்டு போன் சார்ஜர்களைத் தொடுத்தான். ஒரே இரைச்சல்.

"யேசுவைச் சிலுவையில அறையேக்க கிறைண்டர் ஏனப்பா ஓடுது?" என்றாள் ஜெசிதா.

சனம் வந்து பாயில் உட்காரத் தொடங்கிவிட்டது. எமில்ராஜ் தன் மோட்டார் சைக்கிள் பற்றரியைக் கழற்றினான். மற்றதைப் பக்கத்து வீட்டு யாகோப்பு கொண்டுவந்தார்.

"நான் வெளியில நிண்டு வயரைக் கொழுவிறன். நீ மாமிக்கு மைக்கைப் பிடி," என்றார் அவர்.

"அண்ணை, சிவப்பு பிளஸ், கறுப்பு மைனஸ்."

"எனக்குத் தெரியும் தம்பி."

'டப்' என்றது. பெட்டியிலிருந்து புகை வந்தது. கத்தரீனாவின் உதடுகள் மட்டும் அசைந்தன.

"ஒண்டும் கேக்கேல்லை!" என்று பின்வரிசை கத்தியது.

பிலோமினா எழுந்து புத்தகத்தை வாங்கினாள். அவள் குரல் கடற்கரை வரை போனது. கத்தரீனா முக்காட்டால் முகத்தை மூடிக்கொண்டார். தோள்கள் குலுங்கின.

எமில்ராஜ் கிணற்றடிக்குப் போய்க் குந்தினான். இனி மாமியின் முகத்தில் எப்படி முழிப்பது? கண்ணீர் நிற்கவேயில்லை.

யாகோப்பு தன் பற்றரியைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"அழாதையடா. ஆக்களுக்குக் கேக்கிற வரைக்கும் வாசிப்பன் எண்டு உன்ரை மாமிக்கு நேர்த்தி. மனுசி களைச்சுப்போய் எப்ப விடலாமெண்டு பாத்துக்கொண்டிருக்க, நீ கேக்கப் பண்ணுறாய். மாத்திக் கொழுவச் சொன்னதே அவதான்!"